முகம் தெரியாதவருக்கு ஸ்டெம் செல்: சந்தோஷப்பட்டால் அது சுயநலமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் அம்மா, தங்கையோடு இருக்கிறேன். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. காலேஜில் கடைசி வருடம் நடந்த முகாமில், நண்பர்கள் எல்லோரும் கொடுத்தார்கள் என்று நானும் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக்கொடுத்து ஸ்டெம் செல் தானத்துக்குப் பெயர் பதிந்தேன். அதை மறந்தும் போனேன். போன வாரம் போன் வந்தது. ரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு என்னுடையது பொருந்துகிறதாம். யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்களாம். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வாசகம்கூட யோசித்துவிட்டேன். இப்போது அதுவே உறுத்துகிறது. அங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, இங்கே எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷம். இது தானமா, இல்லை என் பெருமைக்காகச் செய்வதா? அம்மா, "ஊரு பேரு தெரியாதவனுக்கு முதுகெலும்புல ஊசி குத்தி எடுத்துக் குடுக்கணுமா? நாளைக்கு நம்ம வூட்டுல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?" என்கிறார். மாமாவோ, "சும்மாவா குடுப்பே? பார்ட்டிகிட்ட ஏதாச்சும் கேளுடா" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில் (ரத்தமாற்று மருத்துவர்):

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. இந்தத் தானத்தில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் "வேண்டாம்" என்றால் நோயாளிக்கு ஏமாற்றம், சில வாரத் தாமதம், வேறு ஆளைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு "வேண்டாம்" என்றால் அவர் பிழைப்பதே சந்தேகம்.

காரணம் இதுதான். புது ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச்செல்) ஏற்றுவதற்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாளில் நோயாளிக்கு மிகக் கடுமையான கீமோதெரபி கொடுப்பார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. இதைக் கண்டிஷனிங் என்போம். நோயுள்ள பழைய எலும்பு மஜ்ஜையைத் துடைத்து எடுத்துவிடுவதுதான் நோக்கம். அதன்பின் அவர் உடம்பில் ரத்தம் ஊறாது, நோய் எதிர்ப்பும் இருக்காது. உங்களிடமிருந்து வரும் பை ஒன்றுதான் அடுத்த வழி. உங்களுக்கு ஊசி போடத் தொடங்கும் நாட்களும் அவருக்குக் கண்டிஷனிங் நடக்கும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே ஓடும்.

ஆகவே உங்கள் மனம் சுத்தமா என்று சோதிப்பதை இப்போதைக்கு ஒத்திப்போடலாம். எந்தக் காரணத்துக்காகச் செய்கிறீர்களோ, அந்தக் காரணம் அந்தத் தேதி வரைக்கும் தாக்குப்பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள்.

அம்மாவின் முதல் பயத்துக்கு வருவோம். முதுகெலும்பை யாரும் தொடப்போவதில்லை. பெரியவர்களிடம் இன்று பெரும்பாலும் கையில் ஓடும் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை எடுக்கிறோம். சாதாரணமாக அவை மஜ்ஜைக்குள்ளேயே இருக்கும். அவற்றை ரத்தத்துக்கு வெளியேற்ற ஜி-சி-எஸ்-எஃப் என்ற மருந்தைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போடுவார்கள். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். நீங்கள் 70 கிலோ என்றால் நாளைக்கு 700 மைக்ரோகிராம். அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று குத்து இருக்கலாம். நாலு நாள் போட்டு, ஐந்தாம் நாள் எடுப்பது வழக்கம். நைட் ஷிப்ட் இருந்தால் அந்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஊசியிலிருந்து இடுப்பு, கீழ்முதுகு, தொடை எலும்புகளில் உள்ளுக்குள்ளிருந்து இடிப்பது போல வலிக்கும். மஜ்ஜைக்குள் செல்கள் பெருகுவதால் வரும் வலி அது. தலைவலி, அசதி, தூக்கம் பிடிக்காமை வரலாம். பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின், புரூஃபென் வகையறா வேண்டாம், அவை ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். இன்னொன்று: இந்த நாட்களில் தெருமுனை லேபில் ரத்தம் பரிசோதித்தால் வெள்ளை அணுக்கள் 30,000, 40,000 என்று காட்டும் (சாதாரணமாக 4,000 முதல் 11,000). ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது உங்களுக்கே ரத்தப் புற்றுநோய் என்று கிளப்பிவிடக்கூடும். அது மருந்தின் வேலை, சில நாளில் இறங்கிவிடும்.

மண்ணீரலும் தற்காலிகமாக வீங்கும். வடசென்னைப் பையனுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஊசி போடும் நாட்களிலும் அதற்கடுத்த இரண்டு வாரமும் கால்பந்து, பாக்ஸிங், கபடி எதுவும் கூடாது. வீங்கிய மண்ணீரலில் அடி விழுந்தால் கிழியலாம். மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. இடது மேல்வயிற்றிலோ இடது தோளின் நுனியிலோ திடீரென்று கடுமையான வலி வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல், உங்களை அழைத்த பதிவகத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு உடனே போன் செய்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எடுக்கும் நாளில் இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போகும். மெஷின் ஸ்டெம் செல்லைப் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த கை வழியாகத் திருப்பி அனுப்பும். உடம்பில் இருக்கும் 5 லிட்டர் சொச்சம் ரத்தம் இப்படி இரண்டு மூன்று முறை சுற்றி வர 4 முதல் 6 மணி நேரம் ஆகும். இடையில் எழுந்து பாத்ரூம் போக முடியாது, போய்விட்டு வந்து படுங்கள். மூக்கு அரித்தால் சொறிந்துவிடக்கூட ஆள் வேண்டும். அதற்காகவாவது அம்மாவைக் கூட்டிப் போகலாம். ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்ப்பார்கள். அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும். வந்த உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மெஷின் வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்தால் அடங்கிவிடும். "பொறுத்துக்கலாம்" என்று வீரம் காட்டினால்தான் தசை இழுத்துக்கொள்ளும்.

சேரும் பை பார்க்கச் சிறியது, ஒரு டம்ளர் சொச்சம். அதில் இருக்க வேண்டியது அளவு அல்ல, எண்ணிக்கை: நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல், முடிந்தால் 40, 50 லட்சம். முதல் நாள் போதவில்லை என்றால் மறுநாளும் வரச் சொல்வார்கள். ஆகவே லீவு கேட்கும்போதே இரண்டு நாளாகக் கேளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். மெட்ரோ, ஆட்டோ எதுவானாலும் கூட ஆள் இருக்கட்டும். தட்டணுக்கள் குறைந்திருக்கும் என்பதால் யார்டில் பாரம் தூக்கும் வேலை ஒரு வாரமாவது வேண்டாம்.

சில நோயாளிகளுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் மஜ்ஜை வற்றிப்போன நோய்க்கும், நேரடியாக மஜ்ஜையே வேண்டும் என்று கேட்கலாம். அதை இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து, மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஓரிரு நாள், உட்கார எழுந்திருக்க இரண்டு வாரம் வலி. இதுவும் முதுகெலும்பு அல்ல. எந்த முறைக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று தனித்தனியாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாவின் அடுத்த கேள்விதான் கனமானது: நம் வீட்டுக்கு யார் வருவார்? இதற்கு உணர்ச்சியாகப் பதில் சொல்லாதீர்கள், கணக்காகச் சொல்லுங்கள். கொடுத்த செல்கள் சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும். நாளைக்கே தங்கைக்குத் தேவை என்றாலும் உங்களிடம் இருப்பது குறைந்திருக்காது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அந்த ஒன்று விழவில்லை என்றால் உங்கள் தங்கையும் இதே மாதிரி ஊர் பேர் தெரியாத ஒருவரின் போன் மணி அடிப்பதற்குத்தான் காத்திருக்க வேண்டும். அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது: இன்று கொடுத்ததற்காக நாளை உங்கள் குடும்பத்துக்கு முன்னுரிமை என்று எங்கும் கணக்கு வைக்க மாட்டார்கள். இது சீட்டு கட்டுவது போல அல்ல. அப்படி நினைத்துக்கொண்டு அம்மா சம்மதித்தால் பின்னால் வருத்தம்தான்.

அம்மாவின் சந்தேகத்தை அறியாமை என்றும் தள்ளிவிடாதீர்கள். வில்லிவாக்கத்தை ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்றே அழைத்தார்கள். சுனாமியில் வீடு இழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்ற செய்தி 2007-இல் வெளிவந்தது. உடம்பிலிருந்து எதையாவது கேட்டு யாராவது வந்தால் முதலில் பயப்பட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். இதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குச் சொல்லுங்கள்: கிட்னி திரும்ப முளைக்காது, இது ஊறும்; அங்கே தரகர் நடுவில் இருந்தார், இங்கே பணம் கைமாறவே கூடாது. போனில் பேசியவர் பணமோ ஓடிபியோ கேட்டால் அது மோசடி. வந்த எண்ணுக்கே திரும்ப அழைக்காமல், முகாமில் கொடுத்த அட்டையில் உள்ள எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாமா கேட்டதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தத்தை விலைக்கு விற்பது நின்றது. நல்லொழுக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை. காசுக்குக் கொடுப்பவர் தன் காமாலையை, பழைய ஊசிப் பழக்கத்தை மறைப்பார். சொன்னால் அன்றைய காசு போய்விடும். எந்தப் பரிசோதனையும் தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களைப் பிடிக்காது, ஆகவே கொடுப்பவர் உண்மை பேசுவதுதான் நோயாளிக்கு முதல் பாதுகாப்பு. ஸ்டெம் செல்லுக்கும் இதே நியாயம்தான். ஆனால் விலை வேறு, செலவு வேறு. பரிசோதனை, மருந்து, போக்குவரத்து, சாப்பாடு, கூட வருபவரின் செலவு எதுவும் உங்கள் பையிலிருந்து போகக் கூடாது. சம்பள இழப்புக்கு ஏதாவது உண்டா, சிக்கல் வந்தால் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நாலு நாள் கூலி போய் வாடகை நிற்குமோ என்ற கவலை, தேதி நெருங்கும்போது ஆளைப் பின்வாங்க வைக்கும். இதைக் கேட்பது பேராசை ஆகாது.

இப்போது உங்கள் உறுத்தல். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1989, 1990-இல் எழுதிய கட்டுரைகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: மனிதர்கள் பிறருக்கு நன்மை விளைய வேண்டும் என்பதற்காக மட்டும் கொடுப்பதில்லை, கொடுப்பதில் தமக்குக் கிடைக்கும் இதத்துக்காகவும் கொடுக்கிறார்கள். உங்கள் கால் தரையில் பாவாமல் இருந்ததற்கு அதுதான் பெயர். வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு அதில் உள்ள கவலை வேறு. இதம் கொடுக்கும் செயலிலிருந்தே வருவதால், செயல் முடியும் முன்பே அது கிடைத்து முடிந்துவிடலாம். காலேஜ் முகாமில் பெயர் பதிந்த அன்று உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு சொட்டு ரத்தம் போகவில்லை. நல்லவன் என்ற நிறைவு மட்டும் முழுசாகக் கிடைத்தது. உலகம் முழுக்கப் பதிவகங்களின் தலைவலி இதுதான். பெயர் கொடுத்தவர்களில் கணிசமானோர், அழைப்பு வரும் நாளில் போனை எடுப்பதில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு வர வேண்டியது முகாமிலேயே வந்துவிட்டது.

ஸ்டேட்டஸை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். இன்று போட்டால் இன்றே நூறு கைதட்டல் வாங்கிவிடுவீர்கள். மூன்று வாரம் கழித்து இடுப்பு வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் எதை வைத்துக்கொண்டு கிளம்புவீர்கள்? இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. தேதி, ஆஸ்பத்திரி, ஊர் மூன்றும் ஒரு பதிவில் இருந்தால் நோயாளியின் குடும்பம் உங்களைக் கண்டுபிடித்துவிடும். நன்றி சொல்ல வருபவர்கள் உண்டு. இரண்டாவது முறை கேட்டு நேரடியாக நெருக்குபவர்களும் உண்டு. பெரும்பாலான பதிவகங்கள் குறைந்தது ஒரு வருடம் இருதரப்பையும் மறைத்தே வைக்கும். சில நாடுகளில் எப்போதும் சந்திக்க விடுவதில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால், எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, தேதியும் இடமும் இல்லாமல் போடுங்கள். அதைப் பார்த்து நாலு பேர் பதிந்தால் உங்கள் பெருமை ஒரு வேலை செய்ததாகிவிடும்.

சொந்த நலனும் பிறர் நலனும் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்தே நிற்கும் என்று நினைக்கிறீர்கள். இந்தத் துறை பிறந்த கதை அப்படி இல்லை. 1974-இல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற பெண்மணி, உறவில்லாத தானக்காரர்களைப் பதிந்துவைக்கும் உலகின் முதல் பதிவகத்தைத் தொடங்கினார். தன் சின்ன மகன் ஆன்டனிக்குப் பொருத்தமான மஜ்ஜை வேண்டும், அவ்வளவுதான் அவர் தேடியது. கிடைக்கவில்லை, 1979-இல் அந்தப் பிள்ளை இறந்துபோனான். பதிவகம் நிற்கவில்லை. இன்று உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிப் பதிந்திருக்கிறார்கள். சென்னையிலேயே 2009-இல் தாத்ரி என்ற பதிவகம் தொடங்கியது. இவை எல்லாம் ஒரு தாயின் சுயநலத்திலிருந்து முளைத்தவை என்று சொன்னால் தப்பில்லை. உங்கள் அம்மா கேட்பதும் அதே தாயின் கேள்விதான்.

"ஊர் பேர் தெரியாதவன்" என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பொருத்தம் பார்ப்பது ஆறாவது குரோமோசோமில் உள்ள ஹெச்.எல்.ஏ. மரபணுக்களை வைத்து. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து தொகுப்பாக வருபவை அவை. ஆயிரக்கணக்கான வகைகள் இருப்பதால், இரண்டு அந்நியர்களுக்கு எல்லாம் ஒத்துப்போவது பெரும்பாலும் இருவருக்கும் எங்கோ மூதாதையர் பொதுவாக இருந்தால்தான். ஐரோப்பிய வம்சாவளியினரால் நிறைந்த பதிவகங்களில் இந்தியருக்குப் பொருத்தம் கிடைப்பது அரிதாக இருப்பதும் இதனால்தான். அவர் கோயம்புத்தூரில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம்; எத்தனை தலைமுறைக்கு முன்னால் பிரிந்த பங்காளி என்று யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாற்று வெற்றியானால் அவருடைய வகை மெல்ல மாறி உங்கள் வகையாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு மறுபடி தரையிலிருந்து எழும்பாதீர்கள். இப்போது பாதிப் பொருத்தமுள்ள பெற்றோர், பிள்ளைகளிடமிருந்தும் மாற்று செய்கிறார்கள். அவருக்கு வேறு வழியும் இருக்கலாம். உறுதிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு அந்தப் பக்கத்து மருத்துவர்கள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். நோயாளியின் நிலை மோசமாகி எல்லாமே ரத்தாகலாம். நீங்கள் கொடுத்த பிறகும் தொற்றாலோ, உங்கள் செல்களே அவர் உடம்பைத் தாக்குவதாலோ, நோய் திரும்பியோ அவர் இறந்துபோகலாம். முகம் தெரியாத ஒருவருக்காக மாதக்கணக்கில் துக்கப்பட்ட தானக்காரர்கள் உண்டு. நோயாளியைப் பற்றிய செய்தி வந்தால் தெரிவிக்கட்டுமா என்று கேட்கும்போது, நல்லது கெட்டது இரண்டையும் தாங்க முடியுமா என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

உடல் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், இதயம், மண்ணீரல் எல்லாம் பார்ப்பார்கள். அண்மையில் குத்திய டாட்டூ, வந்துபோன காமாலை, எடுத்துக்கொள்ளும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும். மருத்துவரைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவை: இரத்தக்குழாய் மெலிதாக இருந்தால் கழுத்தில் குழாய் போடுவீர்களா, அதற்கு நான் மறுக்கலாமா? இரண்டாவது முறை கேட்பார்களா, எப்போது? தானத்துக்குப் பிறகு எனக்கு எத்தனை வருடம் பரிசோதனை உண்டு? எல்லாவற்றுக்கும் மேலாக: நோயாளிக்குக் கண்டிஷனிங் எந்தத் தேதியில் தொடங்குகிறது? அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சம்மதக் கையெழுத்துக்கு முன் வீட்டில் ஒரு முழு இரவு அவகாசம் கேளுங்கள், கொடுப்பார்கள். ஊசியால் பிற்காலத்தில் புற்றுநோய் வருமா என்று அம்மா கேட்டால்: ஆயிரக்கணக்கான தானக்காரர்களைப் பல வருடம் பின்தொடர்ந்ததில் அப்படி அபாயம் கூடியதாகத் தெரியவில்லை.

முடியாது என்று தோன்றினால் அதுவும் சரிதான். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை இந்த வாரமே, வாயைத் திறந்து, ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். மணி அடிக்க அடிக்கப் போனை எடுக்காமல் விட்டால், நீங்கள் வருவீர்கள் என்ற நம்பிக்கையில் அங்கே நாட்கள் ஓடும். சொல்லிவிட்டால் அன்று மாலையே அடுத்த ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.